மூலையில் உறங்கும் பெட்டி

எமது வீட்டின் பின்னறையில், பழைய சேலையொன்றாற் போர்க்கப்பட்டு, பல்லாண்டுகளாக ஒரு பெட்டி உறங்கிக்கொண்டிருந்தது. 21 அங்குலக் கண்ணாடித் திரையும், பின்புறம் பெரும் புடைப்பும் கொண்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டி அது. முன் விறாந்தையில் மெல்லிய தட்டைத் தொலைக்காட்சி குடிபுகுந்த அன்றே இது பின்னறைக்குத் துரத்தப்பட்டது. பழைய இரும்பு வாங்குபவர் தெருவில் வரும்போது இதனைத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டும் என்பது எமது இல்லாளின் நெடுநாளைய தீர்மானம்.

சென்ற பள்ளி விடுமுறையில் அத்தீர்மானத்துக்கு ஓர் இடையூறு வந்தது. எமது மகளின் மைந்தன், பதினாறு வயதுப் பிள்ளை, ஓடிவந்து, “அம்மப்பா, அந்தப் பெட்டியை இரும்புக்காரருக்குக் குடுத்திடாதேங்கோ, எனக்கு வேணும்” என்றான். கைத்தொலைபேசியையே உலகம் எனக் கருதும் பிள்ளைக்கு இந்தக் கிழட்டுப் பெட்டி எதற்கு? எமக்கு வியப்பே மேலிட்டது.

காரணம் இதுதான். பழைய பொருட் கடையொன்றில் அவன் ஒரு ‘ரி.வி. கேம்’ வாங்கி வந்திருந்தான். 1983 ஆம் ஆண்டில் ஜப்பானிய நின்டென்டோ நிறுவனத்தார் வெளியிட்ட ‘பமிகொம்’ என்னும் விளையாட்டுப் பொறியைப் பார்த்துப் பிறர் செய்த நகல் அது. 1990களில் இத்தகைய நகல்கள் ஆசிய நாடுகளின் கடைகளில் மலிந்திருந்தன. அதனுடன் பிளாஸ்ரிக் துப்பாக்கி ஒன்றும் இருந்தது. திரையிற் பறக்கும் வாத்துகளை அதனாற் சுடவேண்டும். பையன் அதனைத் தட்டைத் தொலைக்காட்சியிற் பொருத்தினான். வாத்துகள் பறந்தன; பையன் சுட்டான்; ஒன்றேனும் விழவில்லை. துப்பாக்கி பழுது, கடைக்காரர் உன்னை ஏமாற்றிவிட்டார் என்று நாம் தீர்ப்பு வழங்கினோம். அத்தீர்ப்புப் பிழை. துப்பாக்கியிற் குறையில்லை, குறை புதிய திரையிலேதான் இருந்தது.

மாணவர்கள் இதன் காரணத்தை அறிந்துகொள்வது நன்று. பழைய பெட்டியின் உயிர்நாடி, காற்று நீக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் குழாய். 1897 ஆம் ஆண்டில் ஜெர்மானியரான பேர்டினண்ட் பிரவுண் என்பார் அமைத்த கதோட்டுக் கதிர்க் குழாயே அதன் மூதாதை. குழாயின் பின்முனையிலிருந்து இலத்திரன் கற்றை புறப்பட்டுத் திரையின் உட்புறம் பூசப்பட்ட பொசுபரைத் தாக்குகின்றது. தாக்கிய இடம் ஒளிர்ந்து கணப்பொழுதில் மங்குகின்றது. அக்கற்றையைச் சுருள்களின் காந்தப்புலம் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் இழுத்துச் செல்கின்றது. நாம் ஏர் உழும் சால்களை ஒத்தவை அதன் கோடுகள். எமது நாட்டின் ‘பால்’ முறையில் ஒரு முழுப் படத்துக்கு 625 கோடுகள். அவை ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என இரு பாதிகளாக, ஒரு விநாடிக்கு 50 பாதிகள் என்ற கணக்கில் வரையப்படுகின்றன.

விளையாட்டுத் துப்பாக்கியில் குண்டு எதுவும் இல்லை. குழலினுள் ஒளியை உணரும் ஒரு சிறு கண்ணே உண்டு. விசையை இழுத்தவுடன் திரை ஒரு கணம் இருளும். அடுத்த கணம் வாத்து நின்ற இடத்தில் மட்டும் ஒரு வெண்கட்டம் தோன்றும். முதலில் இருளையும் உடனே வெண்மையையும் துப்பாக்கியின் கண் கண்டால் வாத்து விழும். குழாய்ப் பெட்டியில் பொறி அனுப்பும் படம் அப்பொழுதே திரையில் எழுதப்படுகின்றது. புதிய தொலைக்காட்சியோ வந்த படத்தை முதலில் எண்ணாக மாற்றி, சேமித்து, பெரிதாக்கிய பின்னரே காட்டுகின்றது. அச்சிறு தாமதத்துக்குள் துப்பாக்கி தன் கண்ணை மூடிவிடுகின்றது. பாய்ந்தோடும் விளையாட்டுகளில் விரல் அழுத்திய பின் சற்றுப் பிந்தியே உருவம் துள்ளுவதற்கும் இதுவே காரணம்.

படத்தின் அழகிலும் வேறுபாடு உண்டு. அக்காலப் பமிகொம் விளையாட்டின் படம் 256 புள்ளி அகலமும் 240 புள்ளி உயரமும் மட்டுமே உடையது. மொத்தம் 61,440 புள்ளிகள். இக்காலத் திரை 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்டதாயின் அதில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் இருக்கும். சிறு கைக்குட்டையை இழுத்துப் பந்தலுக்கு வெள்ளை கட்டினாற் போன்ற கதை இது. குழாய்ப் பெட்டியிலோ அப்புள்ளிகள் ஒன்றோடொன்று இழைந்து, கோடுகளின் இடையே மெல்லிய இருள் படிந்து, ஓவியம் போலத் தோன்றும். அவற்றை வரைந்தோரும் அக்கண்ணாடியைப் பார்த்தே வரைந்தனர்.

பழைய திரைப்படங்களுக்கும் இஃது ஓரளவு பொருந்தும். பழைய பெட்டியின் திரை நான்கு பங்கு அகலமும் மூன்று பங்கு உயரமும் உடையது. ‘பராசக்தி’ (1952), ‘மிஸ்ஸியம்மா’ (1955) போன்ற படங்களின் சட்டமும் ஏறக்குறைய அதே அளவினது. தமிழின் முதற் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ வந்தது 1973 இலேயே. ஆகவே முன்னைய படங்களைப் பழைய பெட்டியில் இட்டால் திரை நிரம்பி நிற்கும். அகன்ற திரையில் அவற்றை இழுத்துக் காட்டும்போது நடிகர் திலகமும் உடல் பருத்துத் தோன்றுகின்றார்! தட்டைத் தொலைக்காட்சி உடையோர் அதன் அமைப்பில் 4:3 என்னும் அளவைத் தெரிந்தால் இக்குறை நீங்கும்.

எனவே பெட்டியைத் துயிலெழுப்பத் தீர்மானித்தோம். இவ்விடத்தில் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குழாய்ப் பெட்டியின் பின்மூடியை ஒருபோதும் தாமே கழற்றலாகாது. வண்ணப் பெட்டியின் குழாய்க்குச் செல்லும் மின்னழுத்தம் 20,000 வோல்ற்றுக்கு மேற்பட்டது. மின் இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் அது உள்ளே தங்கி நிற்கக்கூடும். நாம் கைதேர்ந்த திருத்துநர் ஒருவரை அழைத்தோம். அவர் உள்ளிருந்து எடுத்த தூசியும், பல்லி முட்டைகளும், கரப்பொத்தான் எச்சங்களும் ஒரு சுளகு நிறைய இருந்தன.

பெட்டியை வைக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. 21 அங்குலப் பெட்டி 20 கிலோவுக்கு மேல் நிறையுடையது. அந்நிறையிற் பெரும்பகுதி முன்புறக் கண்ணாடியிலேயே உள்ளது. ஆட்டங் காணும் மேசையில் வைத்தால், எட்டிப் பிடிக்கும் குழந்தையின் மேல் முன்னோக்கிச் சரியும். ஆதலாற் பதிந்த, அகன்ற, உறுதியான மேசையே தகுந்தது. பின்புறம் காற்றோட்டத்துக்கு இடம் விடுதல் வேண்டும். பெரிய ஒலிபெருக்கிகளை அருகில் வைத்தால் அவற்றின் காந்தம் திரையில் வண்ணக் கறைகளை உண்டாக்கும். இடி மின்னல் வேளையில் மின் இணைப்பையும் அன்ரனா வயரையும் கழற்றிவிடுதல் நலம். விளையாட்டை நிறுத்திவைத்து, அசையாத படத்தை மணிக்கணக்கில் விட்டுச் செல்லலாகாது. அதன் சுவடு திரையில் நிலைத்துவிடும்.

இணைப்பு முறை எளிது. பெட்டியின் மஞ்சள் துளை படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. இவை இல்லாத மிகப் பழைய பெட்டியாயின் அன்ரனாத் துளை வழியே இணைக்கலாம். வெளிநாட்டு உறவினர் அன்புடன் அனுப்பும் பொறிகளில் மட்டும் விழிப்புத் தேவை. கனடாவின் மின்சாரம் 120 வோல்ற்று, ஜப்பானியம் 100 வோல்ற்று, எமது 230 வோல்ற்று. அடியிலுள்ள குறிப்பை வாசியாது செருகினால் ஒரு நொடியிற் புகைதான் மிஞ்சும்.

அன்று மாலை பெட்டி விழித்தது. பையன் சுட்டான்; வாத்து விழுந்தது. அயல் வீட்டுப் பிள்ளைகள் மதிலால் எட்டிப் பார்த்துப் பின் உள்ளே வந்தனர். சமையலறையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த எமது இல்லாளும் துப்பாக்கியை வாங்கி ஏழு வாத்துகளை வீழ்த்தினார். அதன்பின் இரும்பு வியாபாரி பற்றிய பேச்சே எழவில்லை.

அக்காட்சி எம்மைப் பழைய நாள்களுக்கு அழைத்துச் சென்றது. இலங்கையில் தொலைக்காட்சி 1979 இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982 இல் வந்தது. அந்நாளிற் பெட்டியுள்ள வீடு ஊருக்கெல்லாம் பொதுவீடு. மின்சாரம் இல்லாத இடங்களிற் பெட்டியும் ‘டெக்’கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, முற்றத்திற் பாய் விரித்து, விடியும்வரை மூன்று படங்கள் பார்த்ததை எம் வயதினர் மறந்திரார். இன்று வீட்டில் ஐவர் இருந்தால் ஐந்து திரைகள். ஐவரும் ஐந்து மூலைகளில். பெட்டி ஒன்றாயிருந்த காலத்தில் எந்தப் படம் என்று சண்டையாவது பிடித்தோம். சண்டை பிடிப்பதற்கும் கூடியிருத்தல் வேண்டுமன்றோ?

மகிழ்ச்சி மிகுதியால் நாம் ஒரு தவறும் இழைத்தோம். அதனை மறையாது கூறுவதே வாசகர்க்குப் பயன் தரும். அலுமாரியின் மேற்றட்டில் எமது மகளின் திருமண வீடியோ இருந்தது; 1998 ஆம் ஆண்டில் எடுத்தது. மறைந்த எமது அன்னையார் நடமாடும் படம் உலகில் அது ஒன்றே. கசெற்றின் சிறு சாளரத்தில் வெண்மாப் போல ஏதோ படிந்திருந்தது. தூசியென எண்ணி, பழைய டெக்கிற் செருகினோம். அது தூசியன்று, பூஞ்சணம். ஈரக் காற்றில் நாடாவின் சுற்றுகளில் வளர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தது. டெக் கிறீச்சிட்டது, நாடா கசங்கி அறுந்தது. மண்டப வாயிலில் நின்று அன்னையார் விருந்தினரைப் பெயர் சொல்லி அழைக்கும் சில நிமிடங்கள் அத்தோடு அழிந்தன. எமது மகள் ஒன்றும் கூறவில்லை. நாடாத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

எஞ்சியதை இத்தொழில் அறிந்த ஒருவரிடம் ஒப்படைத்தோம். அவர் நாடாவை உலர்த்தித் துப்புரவாக்கி, கணினியிற் பிரதி செய்து தந்தார். அதனைத் திரையிட்ட அன்று, மேளவொலியின் நடுவே, அறுகரிசி இட்டபடி, “நல்லா இருங்கோ பிள்ளையள்” என்றார் எம் அன்னையார். பேரன் தன் பூட்டியின் குரலை முதன்முறையாகக் கேட்டான். மீண்டும் ஒருமுறை போடும்படி அவனே கேட்டுக்கொண்டான்.

எனவே எமது வேண்டுகோள் இது. டெக் பொறியைச் செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் புனாய் 2016 இல் அவ்வேலையை நிறுத்திவிட்டது. இருப்பவை தேய்ந்துவருகின்றன. இயங்கும் டெக் ஒன்று கிடைக்கும்போதே குடும்ப வீடியோக்களைப் பிரதி செய்துவிடுங்கள். மூன்று மணி நேர நாடாவைப் பிரதி செய்ய மூன்று மணி நேரம் செல்லும், பொறுமை வேண்டும். கனடாவிலிருந்து வந்த கசெற் 525 கோட்டு முறையினது. எமது முறை மட்டும் அறிந்த பழைய டெக்கில் அது சரிவரத் தெரியாது. ஆனாற் படம் அழிந்தது என்று எறியாதீர்கள். இரு முறையும் அறிந்த டெக்கில் ஓடும். கசெற்றின் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்ரிக் தகட்டை முறித்துவிட்டால் தவறுதலாக அதன்மேல் வேறொன்று பதியப்படாது. பிரதிகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்திருங்கள்.

பழைய பெட்டியைப் பெரும் பணங் கொடுத்து வாங்கும்படி நாம் கூறவில்லை. வீட்டில் உறங்குவது ஒன்று இருப்பின் எழுப்புங்கள். அது மீளா உறக்கம் எனத் திருத்துநர் கூறினால், குப்பையில் உடைத்து எறியாது, மின்கழிவு சேர்ப்போரிடம் கொடுங்கள். அக்கண்ணாடியில் ஈயம் உண்டு.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மதிய உணவின் பின் அலுமாரியின் மேற்றட்டைச் சற்று எட்டிப் பாருங்கள். கசெற்றுகள் இருப்பின் இறக்கி, சாளரத்தை வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள். வெண்மை தெரிந்தாற் பொறியிற் செருகாதீர்கள். எமக்கு நேர்ந்த இழப்பு உங்களுக்கு நேராதிருக்கட்டும்.