வலி போன பிறகும் பரிசோதனை வேண்டுமா?

''தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு வயது 58. போன மாதம் காய்ச்சலோடு கடுமையான வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்து, 'டைவர்டிகுலைட்டிஸ்' என்றார்கள். மருந்தில் குணமாகிவிட்டது. ஆனாலும், கொலோனோஸ்கோபி பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். அவசியமா?''
- வாசகி, கோத்தகிரி.

அவசியம். பெருங்குடல் சுவர் வலுவிழந்த இடங்களில் பிதுங்கி, சிறு பைகள் உருவாகும். பலருக்கு இவற்றால் தொல்லை இருக்காது. பை அழற்சி கண்டால்தான் வலி, காய்ச்சல் எல்லாம். வீங்கிய குடலும் புற்றுக்கட்டியும் ஸ்கேனில் சில சமயம் ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் வீக்கம் வற்றிய பிறகு, 6 முதல் 8 வாரங்களில் கேமரா குழாய் மூலம் குடலின் உள்ளே பார்க்கிறார்கள். முன்கூட்டியே பேதி மருந்து குடிக்க வேண்டியிருக்கும். ஓரிரு நாள் கூலி போனாலும் தள்ளிப்போட வேண்டாம்.

ராகிக் களி, சாமை, அவரை, பட்டாணி, கீரை ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். வேலை நேரத்திலும் தண்ணீர் குடிக்க வேண்டும். உடம்பு வலிக்குக் கடையில் தாமாக மாத்திரை வாங்கிப் போடக் கூடாது.

மீண்டும் காய்ச்சலோடு வலி, மலத்தில் ரத்தம், வயிறு கல்லாக இறுகுவது... இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.