படுக்கைக்குப் பக்கத்தில் சார்ஜ் ஆகும் பேட்டரி



சில நாட்களுக்கு முன்பு ஓபியில் ஒரு தம்பி வந்திருந்தார். உணவு டெலிவரி வேலை. முதுகு வலி.

"எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு மாறிட்டேன் டாக்டர். பெட்ரோல் காசு மிச்சமாகுது" என்றார்.

"நல்லது தம்பி. சார்ஜ் எங்க போடுறீங்க?"

"வீடு ரெண்டாவது மாடி டாக்டர். பேட்டரியைக் கழட்டித் தூக்கிட்டுப் போய் ஹால்ல போட்டுடுவேன். நைட்டு போட்டா காலையில ஃபுல். அங்கதான் நாங்க நாலு பேரும் படுக்கிறது."

முதுகு வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கடைசி வரி என்னை விடவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

"அஞ்சு நிமிஷத்துல சார்ஜ்" என்று செய்தி வந்தாலே, அது பெரிய காரில் போகிறவர்களுக்கான விஷயம் என்று நாம் கடந்துவிடுகிறோம்.

என் கருத்து வேறு. வேகமாக சார்ஜ் ஆகும் பேட்டரி அவர்களை விட இந்தத் தம்பிக்குத்தான் அதிகம் தேவை. இது சொகுசு விஷயம் இல்லை. உயிர்ப் பாதுகாப்பு விஷயம்.

ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், பேட்டரியை வேகமாக சார்ஜ் செய்வதில் என்ன சிரமம்?

உடலில் பொட்டாசியம் குறைந்து வரும் நோயாளிக்கு பொட்டாசியம்தான் மருந்து. அதை சலைனில் கலந்து மணிக்கணக்கில் மெதுவாக ஏற்றுவோம். அதே ஆம்பூலை நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். மருந்து ஒன்றுதான். ஏற்றும் வேகம்தான் வித்தியாசம்.

பேட்டரியில் இருக்கும் லித்தியமும் பொட்டாசியத்தின் குடும்பம்தான்.

சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையில் இருந்து கிளம்பி, எதிர்முனையில் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. பஸ்ஸில் வரிசையாக ஏறி சீட் பிடிப்பது மாதிரி.

ஒரே நேரத்தில் எல்லாரும் முண்டியடித்தால்? உள்ளே நுழைய முடியாத லித்தியம், கிராஃபைட்டின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். பேட்டரியின் ஆயுள் குறையும். அந்தப் படிவு ஊசி போல வளர்ந்து நடுவில் இருக்கும் மெல்லிய தடுப்பைக் குத்தினால் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட். அது தீயில் முடியலாம்.

வெப்பமும் ஒரு பிரச்சனை. மின்னோட்டத்தை இரண்டு மடங்காக்கினால் கம்பியிலும் பேட்டரியிலும் உண்டாகும் சூடு சுமார் நான்கு மடங்காகும்.

கடைசி சீட்டுகளைத் தேடிப் பிடிக்க நேரம் ஆகும் இல்லையா? அதனால்தான் கம்பெனிகள் விளம்பரத்தில் "80% வரை இத்தனை நிமிடம்" என்று நிறுத்திக்கொள்கின்றன.

ஆக, வேகத்தை முடிவு செய்வது சார்ஜர் மட்டும் இல்லை. பேட்டரி எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பதுதான் கணக்கு. மெதுவாக சார்ஜ் ஆகும் பேட்டரிக்கு வேறு வண்டியின் பெரிய சார்ஜரை மாட்டுவது, பொட்டாசியத்தை நேராக நரம்பில் தள்ளுவதற்குச் சமம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அப்படியானால் ஐந்து நிமிட சார்ஜ் எப்படி சாத்தியம்?

பஸ்ஸின் கதவை அகலமாக்குகிறார்கள். மின்முனையை மெல்லியதாக்குவது, அயனிகள் எளிதாக நகரும் திரவம், சார்ஜுக்கு முன் பேட்டரியை அளவாகச் சூடாக்குவது, ஒவ்வொரு செல்லின் வெப்பத்தையும் கண்காணிப்பது என்று பல வழிகள். 2025 மார்ச்சில் சீனாவின் பிஒய்டி நிறுவனம், 5 நிமிட சார்ஜில் சுமார் 400 கிலோமீட்டர் ஓடும் கார்களை அறிவித்தது. அதற்கான சார்ஜரின் திறன் 1 மெகாவாட்!

இப்போது தம்பியின் ஹாலுக்கு வருவோம்.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் இருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். கொன்றது புகை. அதே வருடம் செப்டம்பரில் செகந்திராபாத்தில், கீழே இருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூமில் பிடித்த தீயின் புகை மேலே இருந்த ஹோட்டலுக்கு ஏறி 8 பேர் இறந்தார்கள்.

தீ விபத்துகளில் பல நேரம் தீ உடலைத் தொடும் முன்பே புகை உயிரை எடுத்துவிடும். லித்தியம் பேட்டரி புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் ஃப்ளூரைடு என்ற நச்சு வாயுவும் உண்டு. தூங்குகிறவருக்கு அது தெரியாது.

"பெட்ரோல் வண்டி எரியாதா டாக்டர்?" என்று கேட்பீர்கள். எரியும். ஆனால் பெட்ரோலை யாரும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க நிரப்புவதில்லை. தெருவில், பங்கில், முழித்திருக்கும்போது, இரண்டு நிமிடத்தில் முடிகிறது.

எலக்ட்ரிக் வண்டிக்கும் அந்த நிலை வரவேண்டும் என்பதுதான் என் வாதம். சார்ஜுக்கு மணிக்கணக்கில் ஆவதால்தான் பேட்டரி வீட்டுக்குள் வருகிறது. பத்து நிமிடத்தில் வெளியே முடிந்தால் அது ஏன் ஹாலுக்கு வரப்போகிறது?

2022 விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு ஏஐஎஸ் 156 என்ற பேட்டரி பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. வரவேற்கிறேன். அதோடு, வேகமாக சார்ஜ் ஆகும் பேட்டரி காருக்கு வந்த பிறகு மெதுவாக ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் வரட்டும் என்று இருக்கக்கூடாது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரே பின், தெருமுனையில் சார்ஜர், ஃபாஸ்ட் சார்ஜ் செய்தாலும் செல்லும் வாரண்டி. இந்த மூன்றும் வேண்டும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியவை:

1. வெளியே போகும் வழியிலும் மாடிப்படியிலும் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் தப்பிக்க அந்த வழி வேண்டும்.

2. தூங்கும்போது சார்ஜ் வேண்டாம். முழித்திருக்கும்போது போடுங்கள்.

3. வண்டியோடு வந்த சார்ஜர் மட்டும். ஓட்டி வந்ததும் பேட்டரி சூடு ஆறிய பிறகே சார்ஜ்.

4. உப்பிய, அடிபட்ட, தண்ணீரில் மூழ்கிய பேட்டரியை சார்ஜ் செய்யவே கூடாது.

5. புகை வந்தால் அணைக்க நிற்காதீர்கள். எல்லோரையும் எழுப்பி வெளியேறுங்கள். கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112க்கு அழையுங்கள்.

இதையெல்லாம் அந்தத் தம்பிக்கும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"பகல் முழுக்க வண்டியிலதான் இருப்பேன். வீட்டுல இருக்கிறது ஒரே ஹால். அப்போ நான் எங்க, எப்போ சார்ஜ் போடுறது டாக்டர்?"

முதுகு வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் சீட்டு இல்லை. பேட்டரி செய்கிறவர்களும் ஆள்கிறவர்களும்தான் எழுத வேண்டும்.

வீட்டுக்குள் சார்ஜ் போடும் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இன்றே இதை அவர்களிடம் சொல்லுங்கள்.