உள்ளிருந்தோரும் வெளியிருந்தோரும்

1996-இல் அமைந்த ஐக்கிய முன்னணி அரசைப் பற்றி இப்போது பேசுவோர் பெரும்பாலும் அதை ஒரு நகைச்சுவைத் துணுக்காகவே நினைவுகூர்கின்றனர். பதின்மூன்று கட்சிகள், இரண்டு பிரதமர்கள், பதினெட்டு மாத ஆயுள். கூட்டணி ஆட்சி என்றாலே குழப்பம்தான் என்று வாதிட விரும்புவோருக்கு இதைவிடக் கைக்கெட்டும் சான்று வேறில்லை. என் எண்ணம் வேறு. அவ்வரசு ஆண்ட விதத்தில் குறைகள் பல உண்டு. விழுந்த விதத்தில் ஒரு கண்ணியம் இருந்தது. அதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை.

அந்தத் தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை இல்லை. பாரதிய ஜனதாவுக்கு 161 இடங்கள், காங்கிரசுக்கு 140. வாஜ்பாய் மே 16 அன்று பதவியேற்று, பதின்மூன்றாம் நாள் விலகினார். அதன் பிறகு ஜனதா தளம், இடதுசாரிகள், தெலுங்கு தேசம், தி.மு.க., தமிழ் மாநிலக் காங்கிரஸ், சமாஜ்வாதி, அசாம் கண பரிஷத் என்று சேர்ந்த அணிக்குக் காங்கிரஸ் ஆதரவளிக்க, ஜூன் 1 அன்று தேவ கவுடா பிரதமரானார். ஆதரவு வெளியிலிருந்துதான். நம் அரசியல் அகராதியில் இந்த 'வெளியிலிருந்து' என்ற சொல்லைப் போல் வழுக்கலான சொல் பிறிதொன்றில்லை. வீட்டுக்கு வெளியே திண்ணையில் அமர்ந்துகொண்டு உள்ளே என்ன சமையல் என்று தீர்மானிப்பவரின் நிலை அது.

ஆயினும் வெளியிருந்தோர் எல்லோரும் ஒரே இனத்தவர் அல்லர். மார்க்சிஸ்ட் கட்சியிடம் 32 உறுப்பினர்கள் இருந்தனர். ஜோதி பாசுவுக்குப் பிரதமர் பதவியே நீட்டப்பட்டது. கட்சியின் மத்தியக் குழு வாக்கெடுத்து மறுத்துவிட்டது; பின்னாளில் பாசுவே அதை வரலாற்றுப் பிழை என்றார். ஆனால் முன்னணியின் வழிகாட்டும் குழுவில் அக்கட்சி இருந்தது, அரசைக் கவிழ்க்கவுமில்லை. 12 உறுப்பினர்களே உடைய இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியோ வேறு முடிவெடுத்தது. இந்திரஜித் குப்தா உள்துறை அமைச்சரானார். சதுரானன் மிஸ்ரா வேளாண்மைத் துறையை ஏற்றார். மத்திய அமைச்சரவையில் கம்யூனிஸ்டுகள் அமர்ந்தது அதுவே முதன்முறை. காவல் துறையையும் துணை ராணுவப் படைகளையும் வாழ்நாளெல்லாம் எதிர்த்து நின்றவர், அவற்றுக்குப் பொறுப்பான நாற்காலியில் அமர்வது எளிதன்று. அவர் ஏற்றார். பெரிய கட்சியின் தத்துவத் தெளிவைவிடச் சிறிய கட்சியின் இந்தத் துணிவையே நான் மதிக்கிறேன்.

ஏனெனில் அமைச்சரவையில் சேர்வது என்பது பதவி சுகம் மட்டுமன்று. அரசமைப்புச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது. நண்பர் செய்த தவறுக்கும் சேர்த்துப் பழியேற்க வேண்டும் என்பதே இதன் பொருள். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது, கே.ஆர்.நாராயணன் அதை மறு ஆய்வுக்குத் திருப்பியனுப்பினார். அமைச்சரவை வற்புறுத்தாமல் விட்டது. மாநில அரசுகளை மனம்போல் கலைப்பதற்குக் கடிவாளமிட்ட 1994-ஆம் ஆண்டுத் தீர்ப்பு எவர் பெயரால் அறியப்படுகிறதோ அந்த எஸ்.ஆர்.பொம்மையே அந்த அமைச்சரவையில் மனிதவள மேம்பாட்டு அமைச்சராக இருந்தார் என்பதை என்னென்பது! அப்பழியில் உள்ளிருந்த ஒவ்வொரு கட்சிக்கும் பங்குண்டு. வெளியிருந்த காங்கிரசுக்கு அத்தகைய சுமை ஏதும் இல்லை.

சுமையில்லாத அந்தக் கை இரண்டு முறை நீண்டது. முதல்முறை, 1997 மார்ச் 30 அன்று. சீதாராம் கேசரி ஆதரவை விலக்கிக்கொண்டார். ஏப்ரல் 11-இல் தேவ கவுடா நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றார். தலைவரை மாற்றினால் மீண்டும் ஆதரவு என்றானது. முன்னணி பணிந்தது. குஜ்ரால் வந்தார். மூப்பனாரின் பெயர் அடிபட்டு அமுங்கிய அந்த நாட்களில் தமிழ் மாநிலக் காங்கிரஸ் அமைச்சரவையில் சேராமல் சில நாட்கள் ஒதுங்கி நின்றதும், மே மாதத் தொடக்கத்தில் ப.சிதம்பரம் நிதித் துறைக்குத் திரும்பியதும் தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கக்கூடும். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் தி.மு.க. – த.மா.கா. அணி வென்றிருந்த காலம் அது.

அந்தப் பணிவுதான் பெரும் பிழை என்பேன். பிரதமர் யார் என்பதை வெளியிலிருப்பவர் தீர்மானிக்கலாம் என்று ஒப்புக்கொண்டபின், அமைச்சர் யார் என்பதை அவர் தீர்மானிக்கக் கூடாது என்று எந்த வாயால் சொல்வது? எதிர்பார்த்தபடியே அது வந்தது. ராஜீவ் காந்தி படுகொலையின் பின்னணியை ஆராய்ந்த ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை நவம்பரில் வெளிப்பட்டது. 1989 முதல் 1991 வரையிலான தி.மு.க. ஆட்சி, விடுதலைப் புலிகளுக்கு இடமளித்ததாக அது குறை கூறியது. தி.மு.க. அமைச்சர்களை நீக்குக, இல்லையேல் ஆதரவில்லை என்றது காங்கிரஸ்.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். அதே நவம்பர் 14 அன்றுதான், பாதுகாப்புத் துறை இணை அமைச்சராக இருந்த தி.மு.க.வின் என்.வி.என்.சோமு, அருணாச்சலப் பிரதேசத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் உயிரிழந்திருந்தார். நாட்டின் எல்லை மாநிலத்தில் பணியின்போது அமைச்சரொருவரைப் பறிகொடுத்த கட்சி, ஒரு மாதம் முடிவதற்குள், நாட்டின் அமைச்சரவையில் இருக்கத் தகாத கட்சி என்று சுட்டப்பட்டது. இந்தப் பொருத்தமின்மை அன்று எத்தனை பேர் மனத்தை உறுத்தியதோ அறியேன். என்னை இன்றும் உறுத்துகிறது.

தி.மு.க.வின் ஈழ நிலைப்பாட்டின் மீது எவருக்கும் எவ்வளவும் விமர்சனம் இருக்கலாம். அது தனிக் கதை. அன்று எழுந்த கேள்வி அதுவன்று. ஓர் ஆணையத்தின் இடைக்கால அறிக்கையைக் கொண்டு, எந்த வழக்கும் தீர்ப்பும் இல்லாமல், ஒரு கட்சியை முழுவதுமாக விலக்கச் சொல்ல, அமைச்சரவையில் அமராத கட்சிக்கு உரிமை உண்டா என்பதே கேள்வி. கொள்கைக்கு நிபந்தனை விதிக்கலாம், வரி விதிப்பை எதிர்க்கலாம், வாக்களிக்க மறுக்கலாம். உறுப்பினர் பட்டியலில் அடித்தல் திருத்தல் செய்ய விரும்புவோர் முதலில் அப்பட்டியலில் தம் பெயரை எழுத வேண்டாமா?

முன்னணி இம்முறை மறுத்தது. பத்துக்கு மேற்பட்ட கட்சிகள்; தேர்தல் வந்தால் பலவற்றுக்கும் இழப்பு உறுதி. தமிழ்நாட்டின் ஒரு கட்சியைக் கைவிட்டால் அரசு பிழைக்கும் என்ற நிலை. கைவிடவில்லை. நவம்பர் 28 அன்று குஜ்ரால் பதவி விலகினார். முதல் முறையும் இப்படி நின்றிருந்தால் அரசு ஏழு மாதம் முன்பே வீழ்ந்திருக்கும் என்பது உண்மைதான். வீழ்ந்திருக்கட்டுமே.

வெளியிருந்து ஆதரிக்கும் வழக்கம் அதோடு ஒழிந்துவிடவில்லை. 2004-இல் இடதுசாரிகள் அதே வழியைத் தேர்ந்தனர். அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டின் பேரில் 2008 ஜூலையில் விலகினர். அது கொள்கைக்கான விலகல் என்பதால் மதிக்கத்தக்கது. ஆயினும் அமைச்சரவைக்குள் இருந்து அந்த வாதத்தை நடத்தியிருந்தால் உடன்பாட்டின் வடிவமே மாறியிருக்கலாம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. 2024-இல் பாரதிய ஜனதா 240 இடங்களோடு நின்றபோது தெலுங்கு தேசமும் ஐக்கிய ஜனதா தளமும் இந்தத் திண்ணை வாசத்தை நாடவில்லை. நேராக அமைச்சரவையில் சென்று அமர்ந்தன.

காங்கிரசின் கதைக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. குஜ்ரால் அமைச்சரவையிலிருந்து நீக்கக் கோரப்பட்ட தி.மு.க. அமைச்சர்களுள் டி.ஆர்.பாலுவும் ஒருவர். 2004 மே மாதம் மன்மோகன் சிங் தலைமையில் காங்கிரஸ் தானே உள்ளே அமர்ந்து அரசமைத்தபோது, அதே பாலு அதில் கப்பல், சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறைகளின் அமைச்சராகப் பதவியேற்றார்.