எங்கே உதைக்கிறது கணக்கு?

“1,400 கலோரிக்கு மேல் போவதே இல்லை, எடை அசையவே மாட்டேன் என்கிறது” என்று செல்போனை நம் பக்கம் திருப்பிக் காட்டுகிறவர்களைப் பார்த்ததும், இவர் எதையோ எழுதாமல் விட்டிருக்கிறார் என்று நம்மில் பலர் முடிவுகட்டி விடுகிறோம். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. டயட் பலிக்கவில்லை என்று வந்தவர்கள், தாங்கள் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொன்னதாக லிச்ட்மேன் குழுவினர் 1992-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். அதைப் படித்து வந்தவர்கள் நாம். ஆனால் அந்த ஆய்வை இன்று ஒரு சாக்காகவும் வைத்துக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றுகிறது. எழுதியவர் ஒரு வாய் விடாமல் எழுதியிருப்பார். செயலி எடுத்துக் கொடுத்த எண் தப்பாக இருக்கும். ஆளைச் சந்தேகிப்பதற்கு முன் எண்ணைச் சந்தேகிப்பதுதான் முறை.

பெரிய ஓட்டை சோற்றில்தான். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி பச்சரிசி 100 கிராமுக்குச் சுமார் 356 கிலோகலோரி. வெந்த சோறு 100 கிராமுக்கு 130 சொச்சம். செயலியில் ‘ரைஸ்’ என்று தட்டினால் இரண்டும் அடுத்தடுத்து வந்து நிற்கும். எது அரிசி, எது சோறு என்று அங்கே எழுதியிருக்காது. தட்டில் 200 கிராம் சோற்றை நிறுத்து வைத்துவிட்டு அரிசியைத் தேர்ந்தெடுத்தவர் கணக்கில் 712 ஏறும். உள்ளே போனதோ 260. அரிசியை நிறுத்துப் போட்டுவிட்டுச் சோற்றைத் தேர்ந்தெடுத்தவருக்கு இதே பிழை தலைகீழாக நடக்கும். நம்மிடம் “எடை அசையவில்லை” என்று வருபவர் பெரும்பாலும் இவர்தான். பருப்பு, கொண்டைக்கடலை, சேமியா எல்லாவற்றிலும் இதே கதை. அந்த ஐதராபாத் அட்டவணை ஆற்றலைக் கிலோஜூலில் தருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. அரிசிக்கு அதில் இருப்பது 1491. அதை 4.184-ஆல் வகுக்காமல் யாராவது எக்ஸெல்லில் ஏற்றிவிட்டால், பிறகு அந்தக் கோப்பு கைமாறும் இடமெல்லாம் பிழையும் கூடவே போகும்.

இதைப் பிடிக்க மனப்பாடம் வேண்டாம். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4, கொழுப்பு 9. தண்ணீருக்கு ஒன்றும் இல்லை. ஆகவே ஈரமற்ற தானியமோ பருப்போ, அதன் மாவோ, எண்ணெய் சேராமலே 100 கிராமுக்கு 330, 350 என்ற அளவில்தான் நிற்கும். 120 என்று காட்டினால் அது வெந்தது. எண்ணெயும் சேர்ந்த மொறுமொறு பண்டம் ஒன்று ‘பேக்டு’ என்ற பெயரில் 100 கிராமுக்கு 210 என்று போட்டிருந்தால், பாதிக்கு மேல் நார்ச்சத்தாக இருக்க வேண்டும், அல்லது அச்சில் இருப்பது ஒரு பரிமாறலுக்கான எண்ணாக இருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

லேபிளையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை, பெருக்கிப் பார்த்துவிடலாம். ஒரு சிறுதானிய பிஸ்கட்டில் புரதம் 7, மாவுச்சத்து 70, கொழுப்பு 18 கிராம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 28, 280, 162, கூட்டினால் 470. மாவுச்சத்தில் 10 கிராம் நார் என்று கழிவு கொடுத்தாலும், நாருக்கு 4-க்குப் பதில் 2 என்று போட்டு 450-க்குக் கீழே வராது. மேலே 390 என்று அச்சிட்டிருந்தால் இரண்டில் ஏதோ ஒன்று பொய். ஐந்து, பத்து கலோரிக்கு மல்லுக்கட்ட வேண்டாம். அமெரிக்க விதிப்படி லேபிளில் சொன்னதைவிட 20 சதவீதத்துக்கு மேல் கூடினால்தான் குற்றம். உணவுப் பண்டம் அவ்வளவு ஆடத்தான் செய்யும்.

வெளிநாட்டுப் பொட்டலங்களில் இன்னொரு சிக்கல். நம் ஊரிலும் அமெரிக்காவிலும் மொத்த மாவுச்சத்து என்றால் நாரும் அதில் அடக்கம். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் நாரைத் தனியாகக் காட்டுவார்கள், மாவுச்சத்தில் சேர்ப்பதில்லை. லண்டனிலிருந்து மகன் அனுப்பிய ஓட்ஸ் பொட்டலத்தைப் பார்த்து நாரை மறுபடி கழிப்பவர், ஒரே நாரை இரண்டு முறை கழிக்கிறார். மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் போடுபவரிடம் இதை விளையாட்டாக விடக் கூடாது.

லேபிள் சரியாக இருந்தும் உடம்பு ஒத்துக்கொள்ளாத இடம் கொட்டைகள். முழுப் பாதாம் 28 கிராமுக்கு 4, 4, 9 கணக்கில் 170 அளவுக்கு வரும். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் ஆட்களுக்குச் சாப்பிடக் கொடுத்து அளந்தபோது கிடைத்தது 129 (2012). மென்றும் உடையாத செல்களுக்குள் கொழுப்பு சிக்கி, செரிக்காமல் வெளியேறிவிடுகிறது. அரைத்து விழுதாக்கிவிட்டால் இந்தத் தள்ளுபடி கிடையாது என்பதையும் அவர்களே பின்னர் காட்டினார்கள்.

வீட்டுச் சமையலுக்கு லேபிளே இல்லை. ‘இட்லி ஒன்று 39 கலோரி’ என்ற எண் எங்கும் உலவுகிறது. எந்த அளவு இட்லி என்று கேட்பார் இல்லை. ஊறப்போட்டது எவ்வளவு, எத்தனை இட்லி வந்தது என்று கேட்டுவிட்டால் போதும். அரிசி 400 கிராம், உளுந்து 100 கிராம் என்றால் ஏறக்குறைய 1,750 கிலோகலோரி. 30 இட்லி வந்தால் ஒன்று 58. பாலுக்கும் நிறம் கேட்க வேண்டும். பச்சை பாக்கெட்டில் 4.5 சதவீதக் கொழுப்பு, ஆரஞ்சில் 6. மூன்று வேளை காபி குடிக்கும் வீட்டில் அந்த ஒன்றரை சதவீதம் சும்மா போகாது.

எண்ணெயை மட்டும் தட்டில் தேடிப் பயனில்லை. செயலியில் ‘சாம்பார் ஒரு கப்’, ‘பொரியல் ஒரு கப்’ என்று இருப்பதெல்லாம் வேறு யாரோ வீட்டுத் தாளிப்பு. மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், எத்தனை பேர் என்று கேளுங்கள். நாலு பேருக்கு நாலு லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி, அதாவது 30 கிராம், 270 கிலோகலோரி. பொரித்து மீந்து கொட்டியதற்கும் வந்து போன விருந்தாளிக்கும் கழித்துக்கொள்ளலாம். டைரியில் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் மட்டும் பதிவாகியிருந்தால், அவர் மறைத்ததாக நாம் நினைத்த கலோரியில் ஒரு பங்கு மளிகைப் பட்டியலில் பகிரங்கமாகவே இருக்கிறது.