செத்தவர் செத்தவராகவே இருக்கட்டும்!

பயோவேரின் மாஸ் எஃபெக்ட் (2007) கேமில் ரெக்ஸ் செத்தால், அந்த சேவ் ஃபைல் 2010, 2012-இல் வந்த அடுத்த பாகங்களுக்கும் கூடவே வரும். போன வருஷ இருப்பை இந்த வருஷக் கணக்கில் எழுதுவது மாதிரிதான். மூன்றாம் பாகத்தில் க்ரோகன் தலைவனாக ரெக்ஸின் சகோதரன் ரீவ் நிற்பான். போர்வெறி பிடித்த அவனை நம்பி, அந்த இனத்தின் பிறப்பை முடக்கும் ஜீனோஃபேஜுக்கு மருந்து கொடுக்கலாமா? ஒரு சாவு அடுத்த முடிவையே புரட்டிப் போடுகிறது. சபாஷ்!

ஆனால் முதல் பாகத்தில் ராக்னி ராணியைக் கொன்றாலும், மூன்றாவதில் இன்னொரு ராணி வந்துவிடுகிறாள். அப்புறம் எதற்கு அந்தக் கேள்வி?

கிளைக்கொரு கதை எழுதினால் செலவு கட்டாதுதான். அதற்காகப் பத்துக் கேள்வி கேட்டு ஏமாற்றுவதைவிட, இரண்டே கேட்டு அதற்கான விலையை வசூலிப்பதுதான் நேர்மை. என்ன சொல்றீங்க?