திண்டுக்கல் கோட்டையைக் கட்டியவர் யார்?

திண்டுக்கல் மலைக்கோட்டையைத் 'திப்பு கட்டிய கோட்டை' என்று எழுதும் வழக்கம் பயணக்கட்டுரைகளிலிருந்து இப்போது சிறுகதைகளுக்கும் தாவிவிட்டது. இதை மறுக்க நூலகம் போக வேண்டியதில்லை. கழித்தல் கணக்குத் தெரிந்தால் போதும். மதுரையை ஆண்ட முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் இங்கே கோட்டை எழுப்பத் தொடங்கியது 1605இல். பின்னர் திருமலை நாயக்கர் அதை வலுப்படுத்தினார். திப்பு பிறந்ததோ 1751இல். பிறப்பதற்கு நூற்று நாற்பத்தாறு ஆண்டுகள் முன்பே மதில் எழுப்பிய மன்னரை நான் புராணங்களிலும் சந்தித்ததில்லை.

ஆனால், என் மனத்தாங்கல் எதிரணியினரிடமே அதிகம். 'இது முற்றிலும் நாயக்கர் கோட்டை; மைசூரார் வந்து புகுந்தவர்கள்' என்கிறார்கள் அவர்கள். 1755இல் பாளையக்காரர்களை ஒடுக்க மைசூர் அரசு ஹைதர் அலியை பௌஜ்தாராக இங்கே அனுப்பியது. பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு அவர் ஆயுதச்சாலை அமைத்தது இவ்வூரில்தான். பின்னாளில் மைசூரையே கைக்கொண்டவரின் ஏற்றம் இந்த மலையடிவாரத்தில் தொடங்கியது. 1772இல் கணவரைப் போரில் இழந்து சிவகங்கையை நீங்கிய வேலு நாச்சியார் படையுதவி கேட்டதும் அவரிடமே. ஆங்கிலேயர் 1767, 1783, 1790 என மும்முறை கைப்பற்றி, 1792 உடன்படிக்கையில்தான் கோட்டையை நிலையாகப் பெற்றனர். இத்தனை கைமாறிய ஓரிடத்தின் பீரங்கி மேடைகளையும் வெடிமருந்து அறைகளையும் ஒருவர் கணக்கிலேயே எழுதிவிடுவது எந்த நியாயம்?

மலையுச்சிக் கோயிலின் கதையும் இதுவே. அபிராமி இன்று ஊருக்குள் காளஹஸ்தீஸ்வரர் கோயிலில் வழிபடப்படுகிறாள். திப்பு காலத்தில் கீழே இறக்கப்பட்டாள் என்பது செவிவழிச் செய்தி. சொல்பவரின் விருப்பத்திற்கேற்ப அது அவமதிப்பாகவோ பாதுகாப்பாகவோ உருமாறும்.

எங்கள் நிலக்கோட்டைப் பாளையக்காரர் கூளப்ப நாயக்கர்மீது விறலிவிடு தூது பாடிய சுப்ரதீபக் கவிராயரை எவரும் சரித்திர ஆசிரியராக்கவில்லை. காவியச் சுவையைச் சுவையென்றே வைத்துக்கொண்டோம். கோட்டை என்று வந்தால் மட்டும் கேள்விப்பட்டதெல்லாம் எப்படிக் கல்வெட்டாகிவிடுகிறது?

போகட்டும், 'கட்டினார்' என்ற சொல்லையாவது கைவிடலாம். தன்வினை, பிறவினை என்று பிரித்துச் சொல்லும் வசதி நம் மொழியில் இருக்கிறது. முத்துகிருஷ்ணப்பர் கட்டுவித்தார். கட்டியவர்கள் பாறைமேல் கல் சுமந்தவர்கள். இரு தரப்புச் சண்டையிலும் அவர்களுக்காக வாதாட ஆளில்லை.

திப்பு கட்டினார் என்போர் ஓர் ஆவணத்தைக் காட்டட்டும். மைசூராரின் கைபடவில்லை என்போரும் காட்டட்டும். சேர்ந்தே மலையேறிப் பார்த்துவிடுவோம். வெயில் ஏறுமுன் காலையிலேயே புறப்பட வேண்டும், அவ்வளவுதான்.