கல்லில் செதுக்கிய பெயர்

செம்பவாங்கில் நான் கற்பிக்கும் வகுப்பில் பேச்சுப்போட்டி முடிந்த மறுநாள் ஒரு தாயார் என்னைச் சந்தித்தார். பரிசுப் பட்டியலில் மகனின் பெயர் இல்லாததால், அவன் இனிப் போட்டிகளுக்கே வரமாட்டான் என்றார். அன்று அவருக்குத் தக்க விடை சொல்ல என்னால் இயலவில்லை. பின்னர் அவ்விடையைச் சீனரின் முத்திரைக் கலையில் கண்டேன்.

மென்மையான கல்லில் பெயரை இடவலம் மாற்றி வெட்டி, செந்நிற மைக்குழம்பில் ஒற்றித் தாளில் பதிப்பதே இக்கலை. 2009இல் யுனெஸ்கோ இதனை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. அதிகாரத்திற்கும் உரிமைக்கும் அடையாளமான முத்திரை, பௌத்தர் கையில் வேறு பொருளும் பெற்றது. எழுத்தைக் குழித்து வெட்டும் முறையில், கல்லில் நீக்கப்பட்ட இடமே தாளில் வெள்ளை எழுத்தாகத் தோன்றுகிறது. பௌத்தம் கூறும் சூனியத்தை விளக்க இதனினும் எளிய பாடம் உண்டோ?

சாவ் சிச்சியன் என்னும் புகழ்பெற்ற கலைஞர், மறைந்த மனைவிக்கும் மகளுக்கும் நற்கதி வேண்டி, 1864இல் முத்திரைக் கல்லொன்றின் பக்கத்தில் புத்தர் உருவைச் செதுக்கினார். ஓவியத்திலும் இசையிலும் வல்லவரான லீ சூதோங், 1918இல் துறவு பூண்டு ஹோங் யி ஆனார். அவ்வேளையில் தம் முத்திரைகளை, ஹாங்சோவில் 1904இல் தோன்றிய சீலிங் முத்திரைக் கழகத்திடம் ஒப்படைத்தார். கழகத்தார் அவற்றைச் சுவரில் குடைந்த மாடத்துள் வைத்து மூடினர். ஆயினும் அவர் தூரிகையைக் கைவிடவில்லை. பௌத்த வாசகங்களை எழுதிப் பலருக்கும் வழங்கி வாழ்ந்து, 1942இல் மறைந்தார்.

இஃது எங்கோ நடந்த கதை என்று எண்ண வேண்டா. அவருடைய மாணாக்கரான கோங் ஹியாப் துறவியார் நம் சிங்கப்பூரில் வாழ்ந்தவர். ரேஸ்கோர்ஸ் சாலையிலுள்ள லியோங் சான் சீ கோவிலின் தலைமைத் துறவியாக இருந்தவர். 1954இல் மீ தோ பள்ளியை நிறுவியவர். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலுக்குச் செல்வோர் அக்கோவிலுக்கு நடந்தே போகலாம்.

நம் பிள்ளைகள் துறவிகளாக வேண்டியதில்லை. பரிசு பெறுவதும் நன்றே. ஆனால் பெயர் விளங்குவதற்காக மட்டுமே தமிழ் பேசும் பிள்ளை, பெயர் வராத நாளில் தமிழையும் விட்டுவிடுவான். பெயரை விட்ட பின்னும் எழுத்தை விடாத ஹோங் யி நமக்குக் காட்டும் வழி வேறு.

ஆதலின் பெற்றோரே, போட்டி முடிந்து வரும் பிள்ளையிடம் "என்ன பரிசு?" என்பதற்கு முன் "என்ன பேசினாய்?" என்று கேளுங்கள். ஆசிரியர்களாகிய நாமும் பட்டியலை ஒட்டுவதோடு நில்லாது, ஒவ்வொரு பிள்ளையின் பேச்சிலும் நாம் நயந்த ஓரிடத்தை அவனிடமே எடுத்துச் சொல்வோம். அந்தத் தாயாரிடமும் இதையே சொல்லப்போகிறேன்.